ரூட் இல்லாவிட்டால் இணைப்பு இல்லையா?

“ரூட் அனுமதி இல்லாத சர்வரில் தரவுத்தள மாட்யூலை நிறுவ முடியாது. அட்மினைக் கேளுங்கள். அவர் மறுத்துவிட்டால் வேறு சர்வர் பாருங்கள்.” ஸ்கிரிப்ட் எழுதும் எவரும் இந்தப் பதிலை ஒருமுறையாவது வாங்கியிருப்பார். பகிர்வு ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவு, கல்லூரிக் கணினி மையம், அலுவலக ஐ.டி. பிரிவு என எங்கே கேட்டாலும் இதுதான் கிடைக்கிறது. இந்தப் பதில் தவறு. இதை நம்பியவர்கள் வேறு வழி தேடி எழுதும் ஸ்கிரிப்டுகள் சர்வருக்கே ஆபத்தாக முடிகின்றன என்பதால் இதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

பெர்ல் ஸ்கிரிப்டுகள் தரவுத்தளத்தோடு பேச உதவும் டிபிஐ மாட்யூலை வைத்தே பேசுகிறேன். இந்தச் சிக்கலின் எல்லா முடிச்சுகளும் அங்கே இருக்கின்றன. பைத்தான்காரர்கள் சந்திப்பதும் பெரும்பாலும் அவற்றையே.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழு வலுவோடு முதலில் சொல்லிவிட வேண்டும். டிபிஐ வெறும் பெர்ல் கோப்பு அல்ல. சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த பகுதி ஒன்று அதற்குள் இருக்கிறது. அதன் கீழே மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனி டிரைவர். அந்த டிரைவருக்குக் கீழே அந்தந்தத் தரவுத்தளத்தின் கிளையன்ட் லைப்ரரி. மூன்று அடுக்கும் வழக்கமாகக் கணினியின் பொது அடைவுகளில் இருப்பவை. அங்கே எழுத ரூட்டுக்கு மட்டுமே உரிமை. பயனர் எப்படியோ தன் வீட்டு அடைவில் நிறுவிக்கொண்டாலும் வெப் சர்வருக்கு அந்த இடம் தெரியாது. தெரிந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கே போய்ச் சேராது. சர்வரில் பெர்ல் பதிப்பு மாறும் நாளில் ஸ்கிரிப்ட் விழும், பழி அட்மின் தலையில் விழும். இவ்வளவு சிரமம் எதற்கு, குறைந்த வாடகைக்கு மெய்நிகர் சர்வர் கிடைக்கும்போது?

இந்த வாதத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலும் உண்மை உண்டு. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தேறவில்லை.

1. ‘எழுத முடியாது’ என்றால் எங்கே எழுத முடியாது? பொது அடைவில் மட்டும். மாட்யூலைத் தேடும்போது பெர்ல் ஓர் அடைவுப் பட்டியலை வரிசையாகப் பார்க்கிறது. அந்தப் பட்டியலை ரூட் பூட்டி வைக்கவில்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘யூஸ் லிப்’ வரியில் வீட்டு அடைவின் பாதையைக் கொடுத்தால் அது பட்டியலின் முன்னால் போய் நிற்கும். நிறுவும்போது ‘இன்ஸ்டால் பேஸ்’ என்ற ஒற்றை அமைப்பு எல்லாக் கோப்புகளையும் வீட்டு அடைவுக்குள்ளேயே இறக்கிவிடும்.

இதைத் திருட்டுவழிபோலப் பேசுகிறவர்கள் பெர்லின் சொந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும். பெர்லோடு கூடவே வரும் கேள்வி-பதில் தொகுப்பில், எனக்கென்று தனி மாட்யூல் அடைவு வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு கேள்வியே இருக்கிறது. ரூட் அல்லாத பயனர், மாட்யூல்களை நிறுவும் சிபிஏஎன் கருவியை முதன்முறை இயக்கும்போது, ‘லோக்கல்-லிப்’ முறையில் வீட்டு அடைவில் நிறுவலாமா என்று அந்தக் கருவியே கேட்கிறது. பகிர்வு ஹோஸ்டிங்கில் பரவலாக உள்ள சிபேனல் கட்டுப்பாட்டுப் பலகையில், பெர்ல் மாட்யூல்களைப் பயனரின் வீட்டு அடைவில் நிறுவித்தரும் பக்கம் இருக்கிறது. மொழியை உருவாக்கியவர்களும் ஹோஸ்டிங் மென்பொருள் செய்தவர்களும் திறந்து வைத்த வாசலை உதவிப் பிரிவு ‘இல்லை’ என்கிறது.

2. கம்பைல் செய்த பகுதி இருக்கிறது, சரி. அதற்கு ரூட் எதற்கு? கம்பைலரை இயக்க ரூட் தேவையில்லை. அது உருவாக்கும் லைப்ரரிக் கோப்பை நினைவகத்தில் ஏற்றவும் தேவையில்லை. இந்த அடுக்கில் நான்கு வெவ்வேறு தடைகள் இருக்கின்றன. நான்கையும் ஒரே சொல்லால் மூடிவிடுவதுதான் குழப்பத்தின் வேர்.

முதல் தடை, கம்பைலரே இல்லாதது, அல்லது ஒரு குறிப்பிட்ட குழுவினருக்கு மட்டும் அதை இயக்கும் அனுமதி இருப்பது. அப்படியானால் வேறு கணினியில் கம்பைல் செய்து, முழு அடைவையும் கட்டி எடுத்துவந்து இறக்கலாம். நிபந்தனைகள் உண்டு: செயலி வகை ஒன்றாக இருக்க வேண்டும், பெர்ல் பதிப்பும் அதன் உள் அமைப்பும் பொருந்த வேண்டும், கம்பைல் செய்யும் கணினியின் ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி), சர்வரில் இருப்பதைவிடப் புதியதாக இருக்கக் கூடாது. பலர் தோற்பது மூன்றாவது நிபந்தனையில்தான். மடிக்கணினியில் புத்தம் புதிய லினக்ஸை வைத்துக்கொண்டு கம்பைல் செய்வார்கள். பழைய சர்வரில் அது ஏறாது. உடனே ‘ரூட் வேண்டும்போல’ என்று முடிவுகட்டுவார்கள். சர்வரில் உள்ள அதே லினக்ஸ் பதிப்பை ஒரு கன்டெய்னரில் எடுத்து, அதற்குள் கம்பைல் செய்தால் இந்தச் சிக்கலே எழாது.

இரண்டாவது தடை, கம்பைலர் இருந்தும் கிளையன்ட் லைப்ரரியும் அதன் ஹெடர் கோப்புகளும் இல்லாதது. மைஎஸ்கியூஎல் டிரைவர் நிறுவும்போது ‘மைஎஸ்கியூஎல்-கான்ஃபிக்’ என்ற சிறு நிரலைத் தேடும். அது கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இதற்கும் ரூட் வேண்டாம். டெபியன் தொகுப்பை நிறுவாமல் பிரித்து வைக்கும் வசதி டிபிகேஜி கருவியில் இருக்கிறது. ரெட் ஹேட் வகைச் சர்வர்களில் ஆர்பிஎம் தொகுப்பை அதேபோல் பிரிக்கலாம். பிரித்ததை வீட்டு அடைவில் வைத்து, கான்ஃபிக் நிரலின் பாதையை டிரைவருக்குச் சொன்னால் போதும். பதிப்புப் பொருத்தத்தில்தான் கவனம் வேண்டும். 2023-இல் வந்த டிரைவரின் 5-ஆம் வரிசை மைஎஸ்கியூஎல் 8 வகை லைப்ரரியோடு கம்பைல் ஆவதற்கென்று எழுதப்பட்டது. சர்வரில் இருப்பது மரியாடிபி லைப்ரரி என்றால் 4-ஆம் வரிசையை எடுக்க வேண்டும், அல்லது மரியாடிபிக்கான தனி டிரைவரை எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வரும் பக்கம் பக்கமான பிழைச் செய்திகளுக்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை.

மூன்றாவது தடை, நிறுவிய பிறகு ஓடும் நேரத்தில் லைப்ரரி கண்ணில் படாதது. ஸ்கிரிப்டுக்குள் லைப்ரரிப் பாதைக்கான சூழல் மாறியை எழுதிப் பார்த்து ‘வேலை செய்யவில்லை’ என்பார்கள். செய்யாதுதான். லினக்ஸின் ஏற்றி நிரல் அந்த மாறியைப் புரோகிராம் தொடங்கும் கணத்தில் ஒருமுறை படித்துக்கொள்கிறது. பெர்ல் ஓடத் தொடங்கிய பின் மாற்றினால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பைல் செய்யும்போதே டிரைவர் கோப்புக்குள் லைப்ரரியின் பாதையைப் பதித்துவிடுவதுதான் சரியான தீர்வு.

நான்காவது கடினமானது: வீட்டு அடைவு இருக்கும் வட்டுப் பகுதியை இயக்க அனுமதியில்லாமல் இணைத்திருப்பது. அங்கே எந்தக் கம்பைல் செய்த லைப்ரரியும் ஏறாது. இது மெய்யான சுவர். ஆனால் பெர்ல் நிரல் வெறும் உரை. அதைப் படித்து ஓட்டும் பெர்ல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆகவே முழுவதும் பெர்லிலேயே எழுதிய மாட்யூல்கள் அங்கேயும் ஓடும். டிபிஐ-க்கே அப்படி ஒரு வடிவம் அதன் தொகுப்புக்குள் இருக்கிறது. ஒரு சூழல் மாறிக்கு 2 என்று மதிப்புத் தந்தால் கம்பைல் செய்த பகுதியைத் தொடாமல் இயங்கும். மைஎஸ்கியூஎல்லுக்கும் சுத்தப் பெர்ல் டிரைவர் உண்டு. மெதுவானது, அதைவிட முக்கியமாக, பழைய கடவுச்சொல் முறையையே அறிந்தது. மைஎஸ்கியூஎல் 8.0 இயல்பான உள்நுழைவு முறையை மாற்றியது; பழைய முறை 8.4-இல் இயல்பாக அணைக்கப்பட்டு 9.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. புதிய தரவுத்தள சர்வர்களுக்கு இந்த டிரைவரை நம்பாதீர்கள் என்றே சொல்வேன். பைத்தானில் நிலைமை மேல்: பைமைஎஸ்கியூஎல் சுத்தப் பைத்தான், புதிய உள்நுழைவு முறையும் அதற்குத் தெரியும். ஆரக்கிளின் பைத்தான் டிரைவருக்கு 2022 முதல் கிளையன்ட் லைப்ரரியே தேவையில்லாத ‘தின்’ முறை இருக்கிறது. ஜாவாவில் நான்காம் வகை ஜேடிபிசி டிரைவர்கள் தொடக்கம் முதலே இப்படித்தான். ‘கிளையன்ட் லைப்ரரி நிறுவ ரூட் வேண்டும்’ என்ற வாதத்தின் அடித்தளத்தைத் தரவுத்தள நிறுவனங்களே கழற்றிக்கொண்டிருக்கின்றன.

இங்கே எதிர்முனைத் தவறு ஒன்றையும் கண்டிக்க வேண்டும். ‘டிபிஐ.பிஎம் கோப்பை மட்டும் எஃப்டிபி வழியாக ஏற்றிவிடுங்கள்’ என்று அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பைல் செய்த பகுதி இல்லாமல் அந்தக் கோப்பு, ஏற்றத்தக்க பொருள் கிடைக்கவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். இந்த அறிவுரையைக் கேட்டுத் தோற்றவர்கள்தான் பிறகு ‘முடியவே முடியாது’ கட்சியில் போய்ச் சேருகிறார்கள்.

3. ‘வெப் சர்வருக்குத் தெரியாது’ என்ற வாதம் ஒரு மெய்யான கவனிப்பிலிருந்து பிறந்த பொய்யான முடிவு. நடப்பது இதுதான்: முனையத்தில் ஸ்கிரிப்ட் சரியாக ஓடுகிறது, உலாவியில் திறந்தால் 500 பிழை. காரணம், முனையத்தில் உள்நுழையும்போது ஷெல்லின் தொடக்கக் கோப்பு பெர்ல் பாதை மாறியை அமைக்கிறது. அப்பாச்சி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. ஸ்கிரிப்டைப் பயனரின் பெயரில் ஓட்டும் சூஎக்செக் வழியாகப் போனால், அதன் அனுமதிப் பட்டியலில் இல்லாத மாறிகள் எல்லாம் துடைக்கப்படுகின்றன. கிரானிலும் இதே கதை. வெளியிலிருந்து வரும் தரவை நம்பாத ‘டெயின்ட்’ முறையில் ஓடும் ஸ்கிரிப்டில் பெர்லே அந்த மாறியைப் புறக்கணிக்கிறது. அதனால் என்ன? சூழல் மாறியை நம்பாதீர்கள் என்பதுதான் இதன் பொருள். பாதையை ஸ்கிரிப்டுக்குள், டிபிஐ-யை அழைக்கும் வரிக்கு மேலே, ‘யூஸ் லிப்’ என்று எழுதுங்கள். அது டெயின்ட் முறையிலும் செல்லும், கிரானிலும் செல்லும், சூஎக்செக்கிலும் செல்லும். ஒரு வரியில் தீரும் விஷயத்தை அனுமதிப் பிரச்சினை என்று எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேதனையானது.

4. பாதுகாப்புக்காகத்தான் மறுக்கிறோம் என்கிறார்களா? மறுப்பின் விளைவுகளைப் பாருங்கள். இதுதான் என் முதன்மையான எதிர்ப்பு.

மாட்யூல் கிடைக்காத ஸ்கிரிப்ட்காரர் வேலையை விட்டுவிடுவதில்லை. அவருக்கு ஒரு பதிவேடோ விண்ணப்பப் படிவமோ ஓடியாக வேண்டும். அவர் பெர்லிலிருந்து மைஎஸ்கியூஎல் கட்டளையை ஷெல் வழியாக அழைக்கிறார். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே கொடுக்கிறார். அதே சர்வரின் மற்றப் பயனர்கள் ஓடும் புரோகிராம்களின் பட்டியலில் அதைப் பார்த்துவிடக் கூடும் என்று மைஎஸ்கியூஎல் கையேடே எச்சரிக்கிறது. வினாவை அவர் சரங்களை ஒட்டி உருவாக்குகிறார், ஏனென்றால் மதிப்புகளை வினாவிலிருந்து பிரித்துத் தரும் இடங்குறிகள் டிபிஐ தரும் வசதி, அது அவரிடம் இல்லை. படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் ஒருவர் ஒற்றை மேற்கோள் குறியையும் கொஞ்சம் எஸ்கியூஎல்லையும் இட்டால் தரவுத்தளம் அவர் கையில். ஷெல் வழியாகப் போவதால் சர்வரின் கட்டளைகளும் சேர்ந்து அவர் கைக்குப் போகலாம். இன்னும் சிலர் தரவுத்தளத்தையே கைவிட்டு உரைக் கோப்பில் எழுதுகிறார்கள். பூட்டுப் போடாமல் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் பதிவு போய்விடும். மிக மோசமானவர்கள், எந்த வினாவை அனுப்பினாலும் ஓட்டித்தரும் பிஎச்பி பக்கம் ஒன்றை இணையத்தில் திறந்து வைத்துவிட்டு அதன் வழியே பேசுகிறார்கள். வீட்டு அடைவில் ஒரு டிபிஐ இருந்திருந்தால் இவற்றில் எதற்கும் தேவை வந்திருக்காது. கடவுச்சொல்லைக்கூட ஸ்கிரிப்டில் எழுத வேண்டாம்: உரிமையாளர் மட்டும் படிக்கக்கூடிய அமைப்புக் கோப்பில் வைத்து, அதன் பாதையை இணைப்புச் சரத்தில் சொன்னால் மைஎஸ்கியூஎல் டிரைவர் படித்துக்கொள்ளும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பயனர் கெஞ்சிக் கேட்டபின் அட்மின் மனமிரங்கி ரூட்டாகவே சிபிஏஎன் கருவியை ஓட்டுகிறார் என்று வையுங்கள். ஒரு மாட்யூலை நிறுவுவது என்றால் அதன் அமைப்பு நிரலையும் சோதனை நிரல்களையும் இயக்குவது. அவற்றோடு அது சார்ந்திருக்கும் எல்லா மாட்யூல்களின் நிரல்களும் ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. அதே வேலையைப் பயனர் தன் கணக்கில் செய்தால், நடக்கக்கூடிய சேதம் அவர் அடைவோடு நிற்கும். டெபியனில் கணினியின் பராமரிப்புக் கருவிகள் சிலவே பெர்லில் எழுதப்பட்டவை. பொது அடைவில் மாட்யூல்களை மாற்றினால் அவையும் ஆட்டம் காணலாம். பைத்தான் உலகம் இதை விதியாகவே எழுதிவிட்டது. 2023-இல் வந்த டெபியன் 12-இல், பொது பைத்தானுக்குள் பிப் வழியாக நிறுவப் போனால் இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்து, தனி மெய்நிகர் சூழல் அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. ரூட்டின் இடத்தில் கைவைக்காதே, உன் இடத்தில் வைத்துக்கொள் என்று லினக்ஸ் விநியோகங்களே சொல்லும் காலம் இது.

திருத்தங்கள் வந்து சேராது என்பது சரியான குறை. விநியோகம் தரும் டிபிஐ, டிரைவர் தொகுப்புகளை அட்மின் நிறுவித்தந்தால் அதுவே மிகச் சிறந்த வழி. ஒரு கட்டளை வேலை அது. அதைச் செய்ய மறுத்துவிட்டு, பயனர் தானே செய்துகொள்வதையும் திருத்தங்களின் பெயரால் தடுப்பது நியாயமில்லை.

5. பெர்ல் பதிப்பு மாறினால் விழும் என்பதும் உண்மை. ஒரு பெர்லுக்குக் கம்பைல் செய்த பகுதி வேறு பெரும் பதிப்பில் ஏறாது. நவீன பெர்ல் அதைத் தெளிவாகக் கண்டுபிடித்துப் பிழை சொல்லி நிறுத்திவிடும். தேவையான மாட்யூல்களையும் பதிப்புகளையும் ஒரு பட்டியல் கோப்பில் வைத்திருந்தால், தத்சுஹிகோ மியாகவா எழுதிய சிபிஏஎன்-எம் அல்லது கார்ட்டன் கருவியால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். மாற்றத்துக்கு முன் அட்மின் ஒரு வரி அறிவிப்புக் கொடுத்தால் போதும்.

6. ‘தனி சர்வர் வாங்கு’ என்பது தீர்வா? ஒரு ஸ்கிரிப்டுக்கு மாட்யூல் கேட்டவர் தலையில் தீச்சுவர், காப்புப் பிரதி, கர்னல் திருத்தம், எஸ்எஸ்எச் தாக்குதல் என ஒரு முழு அட்மினின் வேலையை ஏற்றுவது தீர்வாகாது. திருத்தம் போய்ச் சேராது என்று ஒரு மாட்யூலுக்காகக் கவலைப்பட்டவர்கள், பராமரிக்க ஆளில்லாத முழு சர்வர் ஒன்றை இணையத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். டாக்கரும் இங்கே விடையல்ல: அதன் வழக்கமான வடிவில் டாக்கர் குழுவில் சேர்க்கப்படும் பயனர் நடைமுறையில் ரூட்டுக்குச் சமம். மாட்யூலுக்கே மறுக்கிறவர் அதைத் தரமாட்டார், தரவும் கூடாது.

அப்படியானால் ரூட் தேவைப்படும் இடமே இல்லையா? இருக்கிறது. அது மாட்யூலில் இல்லை, அதைத் தாண்டி. தரவுத்தளம் வேறு கணினியில் இருந்து, சர்வரில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இயங்கினால், வெப் ஸ்கிரிப்ட் அதோடு பேசுவது இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒரு சுவிட்சை ரூட் திறக்க வேண்டும். 3306 வாயிலைத் தீச்சுவர் மூடியிருந்தால் அதுவும் அப்படியே. தரவுத்தளப் பயனருக்கு எந்தக் கணினியிலிருந்து வர அனுமதி என்பதைத் தரவுத்தள நிர்வாகிதான் மாற்ற முடியும். வீட்டு அடைவு என்எஃப்எஸ் வழியாக வருகிறது என்றால் எஸ்கியூலைட் கோப்பை அங்கே வைப்பது பூட்டுச் சிக்கலால் ஆபத்து. வேறு இடம் கேட்டுப் பெறத்தான் வேண்டும். இவை மெய்யான கேள்விகள். ‘மாட்யூலுக்கு ரூட் வேண்டும்’ என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுவதால், இந்தக் கேள்விகள் கேட்கப்படுவதேயில்லை.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு: அட்மினிடம் போகும்முன் பெர்லின் பதிப்பையும் அதன் உள் அமைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், பிழைச் செய்தி மாட்யூல் கிடைக்கவில்லை என்கிறதா, லைப்ரரி ஏறவில்லை என்கிறதா, உள்நுழைவு மறுக்கப்பட்டது என்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு மருந்து.

அட்மின்களுக்கு ஒரு கோரிக்கை. கம்பைலர், ஹெடர் தொகுப்பு, இயக்க அனுமதி, வெளிச்செல்லும் இணைப்பு, தரவுத்தள உரிமை என்ற ஐந்தில் உங்கள் சர்வரில் எது உண்டு, எது இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பயனர்களுக்குக் கொடுங்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எதை மறுக்கிறீர்கள் என்று சொல்லி மறுங்கள்.